புகை வராத புகைபோக்கி

வேதமுத்துவுக்குக் கோபம் வர இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பக்கத்தில் நிற்பவர் சுருதி தப்பிப் பாடினால். இன்னொன்று, அவர் கவனிக்கிற பாய்லரின் புகைபோக்கியிலிருந்து கறுப்புப் புகை வந்தால். முதலாவதற்கு வாரத்தில் ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். இரண்டாவதைப் பன்னிரண்டு வருஷம், தினமும், அவர் பொறுத்துக்கொண்டார். புகை போடச் சொன்னவர் சம்பளம் கொடுக்கிற முதலாளி. வேறு என்ன செய்ய முடியும்?

தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து இரண்டாம் வகுப்பு பாய்லர் சர்ட்டிபிகேட்டோடு அவர் அம்பத்தூர் வந்து இறங்கியது எழுபத்தொன்பதில். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் 'வேணி உல்லன்ஸ்' என்று ஒரு கம்பெனி. கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றி, ஸ்வெட்டராகப் பின்னி, நீராவியில் தேய்த்து மடித்து, அத்தனையையும் ரஷ்யாவுக்கு அனுப்புவார்கள். மே மாத அம்பத்தூர் வெயிலில் அறுபது பேர் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து, பார்த்தேயிராத பனிக்காக ஸ்வெட்டர் செய்வதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அறுபது வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது.

பாய்லர்காரனுக்குக் கறுப்புப் புகை அவமானம். இதை வேதமுத்து யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். கறுப்புப் புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகிற கரி. கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிப் போட்டு, காற்றை அளவாக விட்டால் கரி முழுசாக எரியும். புகைபோக்கி வாயில் வெயில் மட்டும்தான் நடுங்கும். ஒரே நேரத்தில் நாலு மண்வெட்டி கொட்டி, காற்றுக் கதவைப் பாதி மூடினால், திருவள்ளூர் ரோடு வரைக்கும் தெரிகிற மாதிரி கன்னங்கரேல் என்று கிளம்பும். முதலாளி ரகுநாதனுக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகை.

ரகுநாதன் கெட்ட மனுஷர் இல்லை. தீபாவளிக்குத் துணி, கிறிஸ்துமஸுக்குக் கேக், பொங்கலுக்கு வெல்லம் என்று யாருக்கும் குறை வைக்காதவர். ஆனால் புகைதான் கம்பெனியின் மூச்சு என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அவர் மட்டுமா? அந்த வட்டாரமே அப்படித்தான் இருந்தது. எந்தக் கம்பெனி ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்பதை ஜனங்கள் ஆகாயத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஸ்டேஷனில் இறங்கி வழி கேட்டால், "அதோ புகை தெரியுதே, அதான் வேணி" என்று கை காட்டுவார்கள். ரஷ்யாவிலிருந்து ஆட்கள் பார்வையிட வரும் நாளில், "வேதமுத்து, இன்னிக்கு நல்லாப் போடு" என்று முதலாளியே பாய்லர் வாசலில் வந்து நிற்பார். வேதமுத்து வாய்க்குள் பைபிள் சங்கீதம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே நாலு மண்வெட்டி கொட்டுவார்.

வீட்டில் அவர் மனைவி ஞானசௌந்தரிக்கு வேறு வழக்கு. கொடியில் காய்கிற வெள்ளைப் புடவையில் கரித்துகள் விழும். "ஏங்க, நீங்க ஊதுன புகையை நானே துவைக்கணுமா?" என்பாள். அவர் எழுந்து வாளியை எடுத்துக் கொடுப்பார். சொல்வதற்கு என்ன இருக்கிறது, குற்றவாளி அவரேதான்.

நாளுக்கு ஐந்து டன் கரி. எண்பதுகள் முழுவதும் அப்படியே ஓடியது. ரஷ்யாக்காரர்கள் கேட்டது கருநீலம், பழுப்பு, அரக்கு. அந்த நிறங்களில் கரித்துகள் விழுந்தாலும் தெரியாது.

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில், பக்கத்து வீட்டு டிவியில் மாஸ்கோ தெருவில் டாங்கிகள் நிற்பதைக் காட்டினார்கள். ஆவடி பக்கத்து ஜனங்களுக்கு டாங்கி ஒன்றும் அதிசயமில்லை, அதைச் செய்கிறவர்களே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். ஆனால் தெரு நடுவில், ஜனங்களுக்கு எதிரே நிற்கிற டாங்கி எல்லோரையும் டிவிக்குக் கிட்டே நெருங்கி உட்கார வைத்தது. "பெரிய நாடு, ஒண்ணும் ஆகாது" என்றார் முதலாளி. டிசம்பர் கடைசியில் அந்தப் பெரிய நாடே இல்லாமல் போனது. பதினைந்து துண்டு. எந்தத் துண்டுக்கு ஸ்வெட்டர் அனுப்புவது, யார் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. கப்பலுக்குப் போக வேண்டிய மூட்டைகள் கிடங்கில் கூரை வரை ஏறி நின்றன.

வேலை நின்றது. ஆனால் புகை நிற்கவில்லை.

"பாய்லரை அணைச்சா கம்பெனி போச்சுன்னு பேச்சு கிளம்பிடும்" என்றார் ரகுநாதன். "நூல்காரன் வர மாட்டான், புது ஆர்டர்காரன் எட்டிப் பார்க்க மாட்டான். புகை மட்டும் விடாம வந்துகிட்டிருக்கணும் வேதமுத்து."

நாற்பது நாள், தேய்க்க ஒரு துணி இல்லாமல், சாயம் ஏற்ற ஒரு நூல் இல்லாமல், வேதமுத்து கரியை எரித்தார். புகைக்காகவே எரித்தார். தினம் ஒன்றரை டன். முற்றத்துக் கரிக்குவியல் அவர் கண் முன்னாலேயே கரைந்தது. பழைய பாக்கி நிற்கையில் புதுக் கரி கேட்க முதலாளிக்கு முகமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குவியலில் மிஞ்சியிருந்தது ஐம்பது டன். அது தீர்ந்தால் பாய்லர் இல்லை. பாய்லர் இல்லையென்றால் வேணி இல்லை, அறுபது பேருக்கும் வேலை இல்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை முதலாளி முகம் மலர்ந்து வந்தார். ஜெர்மனிக்கு ஸ்வெட்டர் வாங்கித் தருகிற பக்தவத்சலம் என்பவர் வரும் வியாழக்கிழமை கம்பெனியைப் பார்க்க வருகிறாராம். பிடித்துப்போனால் இருபது நாள் வேலைக்கு ஆர்டர். "திங்கட்கிழமையிலிருந்து பழையபடி முழுப் புகை போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேதமுத்து குவியலைப் பார்த்தார். நாளுக்கு ஐந்து டன் என்றால் ஐம்பது டன் பத்து நாளைக்குத்தான். திங்கள் முதல் வியாழன் வரை காட்சிக்கு எரித்தால் அதிலும் இருபது டன் போய்விடும். ஆர்டரைக் கையில் வாங்கி, பாதியில் நிறுத்திக் கைவிரித்தால் அப்புறம் எந்த ஜெர்மனிக்காரன் திரும்பிப் பார்ப்பான்? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பக்கத்து ஆள் சுருதி தப்பியது கூட அவர் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் நெருப்பை வெளியே இழுத்துப்போட்டு, அணைத்தார்.

ஒன்பது மணிக்குள் வாசலில் கூட்டம். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வேணியின் புகைபோக்கி சும்மா நிற்கிறது. பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்து போகிற லோகநாயகி, தேய்க்கிற பெண்களுக்குத் தலைவி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாய்லர் அறைக்கே வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணாத்தே, புகையே காணோம்? மூடிக்கினாங்களா? சொல்லிடு, வேற எங்கனா வேலை தேடிக்கினு பூடறோம்."

"மூடல. மூடாம இருக்கத்தான் அணைச்சேன்" என்றார் வேதமுத்து.

அதற்குள் முதலாளியின் கார் வந்துவிட்டது. ரகுநாதன் இறங்கின வேகத்தில் கதவைச் சாத்தக்கூட மறந்தார்.

"யாரைக் கேட்டு அணைச்சே?"

"யாரையும் கேக்கல ஐயா."

"வியாழக்கிழமை ஆள் வர்றான். புகை இல்லைன்னா வாசலோட திரும்பிடுவான்."

"புகை போட்டா உள்ள வருவாரு, ஆர்டரும் குடுப்பாரு. அதை முடிக்கக் கரி இருக்காது. மூணு நாள் எனக்குக் குடுங்க. ஐம்பது டன்ல இருபது நாள் ஓட்டிக் காட்டுறேன். ஓட்டலைன்னா என் சர்ட்டிபிகேட்டை நீங்களே வாங்கி இந்த அடுப்புல போட்டுடுங்க."

பன்னிரண்டு வருஷத்தில் வேதமுத்து அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ரகுநாதன் கூட்டத்தைப் பார்த்தார், அணைந்த அடுப்பைப் பார்த்தார். "ஆள் திரும்பிப் போயிட்டான்னா, இந்த அறுபது பேருக்கும் நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

அந்த மூன்று நாள் வேலை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. முதல் நாள், பாய்லருக்குள் ஆள் இறங்கிப் பத்து வருஷத்து ஒட்டடைக் கரியைச் சுரண்டினார்கள். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டேயிருந்தது, இத்தனை நாள் தண்ணீரைச் சூடாக்காமல் அந்தக் கரிப்படலத்தையே சூடாக்கியிருக்கிறோம் என்று வேதமுத்து தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் நாள், நீராவி உஸ் உஸ் என்று கசிந்த மூட்டுகளையெல்லாம் அடைத்தார்கள். தேய்ப்புப் பெட்டிகளில் நீராவி தண்ணீராகிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த கொதிநீரைக் குழாய் போட்டுத் திருப்பிப் பாய்லர் தொட்டிக்கே கொண்டுவந்தார். கொதிக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரை மறுபடி காய்ச்சுகிற கூத்து இத்தனை வருஷமாக நடந்ததை யாரும் கூத்தாகவே நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தது குழாய்களின் முறை. பாய்லரிலிருந்து தேய்ப்புக்கூடம் வரை எண்பது அடி நீராவிக் குழாய் மொட்டையாக ஓடியது. பாதிச் சூடு வழியிலேயே போய்விடும். மேலே போர்த்த எதுவும் வாங்க வழியில்லை. வேதமுத்து குழாய்க்குக் களிமண் பூசிக் காயவிட்டார். பிறகு கிடங்கு வாசலில் நின்ற லோகநாயகி பக்கம் திரும்பினார்.

"முதலாளிகிட்ட கேட்டு, அந்தக் கழிச்சுப்போட்ட ஸ்வெட்டரையெல்லாம் எடுத்தாம்மா."

"எதுக்கு அண்ணாத்தே?"

"குழாய்க்குப் போட."

லோகநாயகி கூடையைக் கீழே வைத்தாள். "வெயில்ல கெடந்து மூளை கலங்கிப்பூட்சா உனுக்கு?" என்றாள். ஆனால் போய் எடுத்துவந்தாள். பெண்கள் உட்கார்ந்து கையையும் கழுத்தையும் வெட்டி, குழாயைச் சுற்றி இறுக்கித் தைத்தார்கள். கூரை அடியில் நீளமாக ஒரு குழாய் கருநீலமும் அரக்குமாக, ரஷ்ய எழுத்துச் சீட்டுகள் தொங்க, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றது. ஒரு மாதமாகச் சிரிக்காதவர்கள் எல்லாம் அன்றைக்குச் சிரித்தார்கள், காரிலிருந்து இறங்கி வந்து பார்த்த ரகுநாதன் உட்பட.

வியாழக்கிழமை விடியலில் வேதமுத்து அடுப்பைப் பற்றவைத்தார். ஒவ்வொரு மண்வெட்டியாக, பரப்பிப் பரப்பிப் போட்டார். பிரஷர் ஏறியது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கி வாயில் ஒன்றுமே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் பார்க்கத்தான் பன்னிரண்டு வருஷம் ஆசைப்பட்டார்.

பத்து மணிக்கு வர வேண்டிய பக்தவத்சலம் பத்தரைக்கும் வரவில்லை. முதலாளி வாசலுக்கும் ஆபீசுக்கும் நடந்தார். பதினொன்றாகப் போகிற நேரத்தில் வேதமுத்துவே அடுப்பை விட்டு வந்து வாசலை எட்டிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். பக்தவத்சலம் சென்ட்ரலில் ரயிலேறி நேரத்துக்கே அம்பத்தூரில் இறங்கினார். வழி கேட்டார். டீக்கடைக்காரர் வழக்கப்படி ஆகாயத்தைப் பார்த்தார். "வேணியா சார்? அது படுத்துகிச்சே. பாருங்க, திங்கக்கிழமைலேருந்து புகையே இல்ல" என்று சொல்லி, அனுதாபத்தோடு ஒரு டீயும் கொடுத்தார். மனுஷர் டீயைக் குடித்துவிட்டு, திரும்பிப் போக பிளாட்பாரத்தில் வந்து நின்றார். சென்ட்ரல் போகிற ரயில் வந்து நின்றது. அதிலிருந்துதான் லோகநாயகி இறங்கினாள். அன்று தேய்ப்பு வேலை பதினொன்றுக்குத்தான் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஏறப்போகிற ஆளின் கையில் திறந்த பை, அதில் மேலாக, முதலாளி மாதிரிக்கு அனுப்பியிருந்த ஒரு ஸ்வெட்டர். அதன் மடிப்பைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதிரி கையை உள்பக்கமாக மடிக்கிறவள் அம்பத்தூரிலேயே அவள் ஒருத்திதான்.

"சார், இது எங்க கம்பெனி மாலு. எங்க போறீங்க?"

"கம்பெனி மூடிட்டதா சொன்னாங்களேம்மா."

"யார் சொன்னது? பாய்லர் ஓடிகினு கீது சார். புகைதான் வராது. வந்து பாருங்க, குழாயெல்லாம் சொக்கா போட்டுக்கினு கீது" என்று சொல்லி, பையை வாங்கித் தன் கூடையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பை போகிற வழியே பக்தவத்சலமும் போக வேண்டியதாயிற்று.

அவர் உள்ளே வந்து அதிகம் பேசவில்லை. குழாயைப் பார்த்துச் சிரித்தார். தேய்ப்புக்கூடத்துக்குப் போய், சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஜன்னல் கட்டையில் அழுத்தித் துடைத்தார். கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நாள் கழுவித் துடைத்த கட்டை அது. காலையிலிருந்து பாய்லர் ஓடியும் அதில் ஒரு கரித்துகள் விழவில்லை.

"எங்களுக்கு வேண்டியது எல்லாமே வெள்ளையும் சந்தனக் கலரும்" என்றார். "இந்தப் பக்கத்துல மூணு இடம் பார்த்துட்டேன். எல்லா இடத்துலயும் புகை. வெள்ளைத் துணியில கறுப்புப் புள்ளி விழுதுன்னு ரெண்டு தடவை மால் திரும்பி வந்திருக்கு. உங்க இடம் சுத்தமா இருக்கு. இங்கேயே குடுத்துடறேன்."

ரகுநாதன் வேதமுத்துவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த தீபாவளித் துணியும் ஈடாகாது.

இருபது நாள் ஓட்டினார்கள். நாளுக்கு இரண்டே கால் டன், ஒரு நாள்கூட மேலே போகவில்லை. கடைசிப் பெட்டி லாரியில் ஏறியபோது முற்றத்தில் இன்னும் ஐந்து டன் கரி இருந்தது. பெண்கள் வேதமுத்துவுக்கு மாலை போட வந்தார்கள். அவர் வெட்கப்பட்டு, மாலையைப் பாய்லர் கதவில் மாட்டச் சொன்னார். அந்த வாரம் ஞானசௌந்தரி வெள்ளைப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டுச் சாயங்காலம் எடுத்துப் பார்த்தாள். "கம்பெனி ஓடுதுதானே?" என்று ஒரு சந்தேகத்துக்குக் கேட்டுவைத்தாள். அடுத்த வருஷத்துக்குள் வேணியில் அறுபது பேர் எண்பதானார்கள். ரஷ்யாவுக்குப் போன அளவுக்குச் சரக்கு இப்போது வேறு நாடுகளுக்குப் போயிற்று.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் கழித்து, தொண்ணூற்றேழில், ஆராய்ச்சி செய்கிற வசந்தகுமாரி என்ற பெண் கம்பெனிக்கு வந்தாள். ஆட்சிகள் கவிழ்ந்தால் ஆகாயத்துக்குப் போகிற புகை என்ன ஆகிறது என்பது அவள் விஷயம். ரஷ்யாவில் நாடு உடைந்து ஆலைகள் நின்றதும் கரிப்புகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாம். யாரும் யோசித்துக் குறைக்கவில்லை, வேலை போய், வீடுகள் குளிர்ந்து, தானாகக் குறைந்தது. அவர்களுக்காக இங்கே வேலை செய்த கம்பெனிகளிலும் அந்த அடி தெரிகிறதா என்று பார்க்க வந்திருந்தாள். பாய்லர்காரர்கள் சட்டப்படி தினமும் எழுதி வைக்கிற கரி அளவு நோட்டுகளை வாங்கிக்கொண்டு, ஆபீசில் உட்கார்ந்து அரை நாள் படித்தாள். பிறகு குழப்பமான முகத்தோடு பாய்லர் அறைக்கு வந்தாள்.

"ஐயா, மத்த கம்பெனி நோட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. தொண்ணூத்திரண்டுல கரி குறையுது, திரும்ப ஆர்டர் வந்ததும் பழையபடி ஏறிடுது. உங்க நோட்டுல மட்டும் ஏறவே இல்லை. ஆனா சரக்கு பழைய அளவுக்கு மேலேயே போயிருக்கு. இது எப்படி முடியும்? எழுதினதுல ஏதாவது தப்பு நடந்திருக்குமா?"

வேதமுத்து மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாடு விழுந்தபோது இறங்கிய புகை எல்லா இடத்திலும் திரும்ப ஏறிவிட்டது; ஏறாமல் நின்றது இந்த ஒரு புகைபோக்கியில் மட்டும்தான் என்று அந்தப் பெண் சொல்வது அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. ஐம்பத்திரண்டு வயசில் அவருக்கு அப்படியொரு பெருமை வந்தது, அதை மறைக்கவும் அவர் முயற்சி பண்ணவில்லை.

"தப்பு இல்லம்மா" என்றார். "அது நான்."